பெட்டியை மீறி வழியும் உரை: ஓவர்ஃப்ளோ-ஒய்க்கு எந்த மதிப்பு, எங்கே?

டிசைனர் அனுப்பிய படத்தில் எல்லாம் கச்சிதமாகத்தான் இருக்கும். 320 பிக்சல் உயரத்தில் ஒரு கார்டு, மேலே படம், நடுவில் இரண்டு வரித் தலைப்பு, கீழே தேதி. அந்தத் தலைப்பு பெரும்பாலும் ஏதோ லத்தீன் நிரப்பு உரை, இல்லாவிட்டால் குட்டியாக ஓர் ஆங்கில வாக்கியம். அப்புறம் செய்திப் பிரிவிலிருந்து நிஜமான தலைப்பு வரும்: 'ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல் கொள்முதலை உடனே தொடங்க விவசாயிகள் வலியுறுத்தல்'. இது எந்த ஊர் இரண்டு வரியில் அடங்கும்? நாலாவது வரி தேதியைக் கீழே தள்ள, தேதி கார்டின் அடிக்கோட்டைத் தாண்டிப் போய் அடுத்த வரிசைக் கார்டின் படத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு இது முதல் நாளே வருகிற தொல்லை. உடனே கை தானாகப் போகிற இடம் ஓவர்ஃப்ளோ ஹிட்டன். பெட்டியை மீறுவதை என்ன செய்வது என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியில்) சொல்லும் விதிதான் ஓவர்ஃப்ளோ; பக்கவாட்டுக்கு மட்டும் என்றால் ஓவர்ஃப்ளோ-எக்ஸ், மேல்கீழுக்கு மட்டும் என்றால் ஓவர்ஃப்ளோ-ஒய். வழிந்தது மறைந்தது, வேலை முடிந்தது என்று அடுத்ததற்குப் போய்விடுகிறோம்.

நான் சொல்லவருவது, அந்த ஹிட்டன்தான் ஐந்து மதிப்புகளில் மிகக் குறைவாகப் பயன்பட வேண்டியது என்பது. ஐந்து என்றால் விசிபிள் (வழிந்தபடி காட்டு), ஹிட்டன் (மறை), கிளிப் (வெட்டு), ஸ்க்ரோல் (எப்போதும் உருட்டுப்பட்டை), ஆட்டோ (தேவைப்பட்டால் மட்டும் உருட்டுப்பட்டை). இதில் கிளிப் தவிர மற்ற நான்கும் 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2 காலத்திலிருந்தே இருப்பவை. கிளிப் புதுசு, அதைப் பற்றிப் பின்னால் நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

ஆனால் ஐந்தையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஆறாவதாக ஒரு வழி இருக்கிறது: உயரத்தையே எடுத்துவிடுவது. ஒரு பெட்டிக்கு நீங்கள் உயரம் வைக்காதவரை அது உள்ளே இருப்பதற்கேற்ப வளரும், வழிதல் என்ற பேச்சே எழாது. கார்டுக்கு 320 பிக்சல் எதற்கு வைத்தோம் என்று கேட்டால், பக்கத்துப் பக்கத்துக் கார்டுகள் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும் என்பார்கள். அதைக் கிரிட் (பெட்டிகளைக் கட்டங்களாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை) சும்மாவே செய்து தருகிறது. ஒரே வரிசையில் உள்ள கிரிட் பெட்டிகள் இயல்பாகவே அந்த வரிசையின் மிக உயரமான பெட்டி அளவுக்கு நீண்டுகொள்ளும். தேதி எல்லாக் கார்டிலும் அடியில் ஒரே கோட்டில் நிற்கவேண்டுமா, கார்டை நெடுக்குவாக்கு ஃப்ளெக்ஸ் (உள்ளே உள்ளவற்றை ஒரே திசையில் அடுக்கும் முறை) ஆக்கி, தேதிக்கு மேல் மார்ஜின் (வெளி இடைவெளி) ஆட்டோ கொடுத்தால் போதும். குறைந்தபட்சம் இவ்வளவு உயரம் இருந்தே ஆகவேண்டும் என்றால் ஹைட்டுக்குப் பதில் மின்-ஹைட். இதைச் செய்துவிட்டால் ஓவர்ஃப்ளோவைத் தொட வேண்டிய இடங்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அதற்கு மேலும் மிஞ்சுகிற இடங்களுக்குத்தான் மீதிக் கதை.

முதலில் விசிபிள். நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் இதுதான். வழிவது வழிந்தபடி தெரியும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எந்த எழுத்தும் காணாமல் போகாது. இயல்பு மதிப்பாக இதை வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். உரை அலங்கோலமாகத் தெரிந்தால் யாராவது புகார் சொல்வார்கள்; மறைந்துபோனால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அங்கே ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

விசிபிளில் ஒரு சிக்கல் உண்டு, இது தெரியாமல் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் மட்டும் மறைக்கலாம், மேலும் கீழும் வழியட்டும் என்று நினைத்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன், ஓவர்ஃப்ளோ-ஒய் விசிபிள் என்று எழுதுவீர்கள். ப்ரௌசர் அதை ஏற்காது. ஓர் அச்சு ஹிட்டன், ஆட்டோ, ஸ்க்ரோல் மூன்றில் ஒன்றாக இருந்தால் மற்ற அச்சில் உள்ள விசிபிள் தானாக ஆட்டோ ஆகிவிடும் என்பது விதி. டெவ்டூல்ஸில் (ப்ரௌசரின் சோதனைக் கருவியில்) கணக்கிடப்பட்ட மதிப்பைத் திறந்து பார்த்தால் நீங்கள் எழுதாத ஆட்டோ அங்கே உட்கார்ந்திருக்கும், பெட்டியின் வலது ஓரத்தில் யாரும் கேட்காத ஒரு ஸ்க்ரோல்பாரும் முளைத்திருக்கும். இதற்கு நேரான தீர்வு கிளிப். ஓவர்ஃப்ளோ-எக்ஸ் கிளிப், ஓவர்ஃப்ளோ-ஒய் விசிபிள் என்பது செல்லுபடியாகும் கூட்டு, ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

ஹிட்டனா கிளிப்பா

கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வழிவதை வெட்டிவிடும், ஸ்க்ரோல்பார் காட்டாது. உள்ளே நடப்பது வேறு. ஹிட்டன் போட்ட பெட்டி ஸ்க்ரோல் ஆகக்கூடிய பெட்டிதான். பயனருக்கு அதை உருட்ட வழி கொடுக்கவில்லை, அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்ட் அதை உருட்டலாம். டேப் விசையைத் தட்டிக்கொண்டே போகிறவர் மறைந்த பகுதியில் உள்ள ஓர் இணைப்புக்கு வந்துசேர்ந்தால் ப்ரௌசர் பெட்டியை உருட்டி அதைக் காட்டும். பக்கத்துக்குள் தேடும்போதும் அப்படியே: வெட்டப்பட்ட வரியில் அந்தச் சொல் இருந்தால் பெட்டியின் உள்ளடக்கம் மேலே நகரும். நகர்ந்த பிறகு திரும்பக் கீழே இறக்க மவுஸ் சக்கரமும் உதவாது, விரலும் உதவாது. தலைப்புப் பாதி மேலே போய் மறைந்த கார்டு அப்படியே நிற்கும். 'உங்கள் தளத்தில் எனக்கு மட்டும் கார்டு உடைந்து தெரிகிறது' என்று வருகிற புகார்களில், நம் கணினியில் எவ்வளவு முயன்றாலும் அது திரும்ப நிகழாத வகைகளில், இந்த வகைக்கும் ஒரு பங்கு உண்டு.

கிளிப்பில் இந்தக் கதையே இல்லை. அந்தப் பெட்டி எந்த வழியிலும் ஸ்க்ரோல் ஆகாது.

இரண்டாவது வித்தியாசம் பொசிஷன் ஸ்டிக்கி, அதாவது உருட்டும்போது ஓர் உறுப்பை விளிம்போடு ஒட்டி நிற்கச் சொல்லும் விதி. ஸ்டிக்கி வைத்த தலைப்பு, தனக்கு மேலே உள்ள பெற்றோர்களில் (தன்னைச் சுற்றியுள்ள பெட்டிகளில்) மிக அருகே உள்ள ஸ்க்ரோல் பெட்டியோடு ஒட்டும். நடுவில் எங்கோ ஒரு டிவ்வுக்கு (எச்டிஎம்எல்லின் பொதுப் பெட்டிக்கு) ஹிட்டன் போட்டிருந்தால் அதுவும் ஸ்க்ரோல் பெட்டியாகவே எண்ணப்படுவதால் தலைப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும்; அந்த டிவ் எப்போதும் உருளப்போவதில்லை, ஆகவே தலைப்பும் எங்கும் ஒட்டாமல் பக்கத்தோடு மேலே போய்விடும். ஸ்டிக்கி வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் செய்வது பெற்றோர் வரிசையில் ஒவ்வொன்றாக மேலே ஏறி ஹிட்டனைத் தேடுவதுதான். இதில் ஒரு பிரபலமான வடிவம்: பக்கவாட்டு ஸ்க்ரோலைக் கொல்ல, பக்கம் முழுவதையும் சுற்றியுள்ள உறுப்புகளான எச்டிஎம்எல், பாடி இரண்டுக்கும் சேர்த்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிட்டன் எழுதுவது. இணையத்தில் எங்கு பார்த்தாலும் இந்த வரி ஒட்டப்பட்டுக் கிடக்கிறது. ஒன்றுக்கு மட்டும் எழுதினால் அது திரை முழுவதற்கும் போய்ச் சேரும், பெரும்பாலும் பாதிப்பில்லை. இரண்டுக்கும் எழுதினால் எச்டிஎம்எல்லுடையது திரைக்குப் போகும், பாடியுடையது பாடியிலேயே தங்கி அதைத் தனி ஸ்க்ரோல் பெட்டி ஆக்கிவிடும், தளம் முழுக்க ஸ்டிக்கி செத்துவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு, பக்கவாட்டில் எது வழிகிறதோ அதை மட்டும் சுற்றியுள்ள பெட்டிக்குக் கிளிப் போடுங்கள்.

அப்படியானால் ஹிட்டனுக்கு வேலையே இல்லையா? பழைய ஸ்டைல்ஷீட்களில் அது வேறொரு காரியத்துக்கு இருக்கும்: ஃப்ளோட் செய்த (உரை சுற்றி ஓடும்படி ஓரமாக ஒதுக்கிய) படங்களைப் பெட்டிக்குள் பிடித்துவைக்க. கிளிப் அதைச் செய்யாது. அந்த வேலைக்கென்றே டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஓவர்ஃப்ளோவை விட்டுவிடலாம். கேரசல் (பக்கவாட்டில் நகரும் படவரிசை) போல ஸ்கிரிப்ட் வைத்து நாமே உருட்டுகிற பெட்டிகளுக்கு ஹிட்டன் சரி. அப்புறம் பழைய ப்ரௌசர்கள். கிளிப் குரோமில் 2021-இல் 90-ஆம் பதிப்பில் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டது, சஃபாரியில் 2022-இல் 16-ஆம் பதிப்பில்தான். பழைய ஐபோன் வைத்திருக்கிறவர்களையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றால் முதல் வரியில் ஹிட்டன், அதற்கு அடுத்த வரியில் கிளிப் என்று எழுதிவிடுங்கள். கிளிப் தெரியாத ப்ரௌசர் இரண்டாவது வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

இத்தனை வரிக்கு மேல் வெட்டு

செய்திக் கார்டுகளில் மூன்று வரியோடு நிறுத்திப் புள்ளி வைக்கவேண்டும் என்று கேட்பார்கள். டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் இதற்கு உதவாது, அது ஒற்றை வரிக்கு. இத்தனை வரியோடு நிறுத்து என்று சொல்லும் லைன்-கிளாம்ப்தான் வழி; அதன் பெயர் வெப்கிட் (சஃபாரியின் இயந்திரம்) முன்னொட்டோடு வரும். பழைய வெப்கிட் பெட்டி, நெடுக்குவாக்கு, ஓவர்ஃப்ளோ ஹிட்டன் என்று கூடவே மூன்று வரி எழுதவேண்டும். பார்க்க ஏதோ 2009-ஐச் சேர்ந்தது போலிருக்கும், ஆனால் ஃபயர்ஃபாக்ஸும் 2019 முதல் அதே முன்னொட்டோடு ஏற்றுக்கொள்கிறது, பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

தமிழில் இதில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த 1.2 லைன்-ஹைட்டை (வரி உயரத்தை) அப்படியே விட்டுவிட்டுக் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். கடைசி வரியில் 'து', 'ழு', 'நூ' வருகிற இடங்களில் அடிச்சுழி மொட்டையாகும். முதல் வரியில் 'கி', 'தீ' வருகிற இடத்தில் மேல் கொக்கி சீவப்பட்டிருக்கும், கியா காவா என்று ஒரு கணம் தயங்கவேண்டியிருக்கும். எழுத்துரு எவ்வளவு உயரமாக வரையப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறும், ஆனால் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்கு 1.2 போதாது. சரி, கீழே கொஞ்சம் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் சுழிக்கு இடம் கிடைக்குமே என்று தோன்றும். கொடுங்கள், நாலாவது வரியின் மண்டை அந்தப் பேடிங்குக்குள் எட்டிப்பார்க்கும்! ஏனென்றால் கிளாம்ப் மீதி வரிகளை அழிப்பதில்லை, அவை கீழே அப்படியே இருக்கின்றன, வெட்டு விழுவது பேடிங்கின் வெளி ஓரத்தில். ஆகவே லைன்-ஹைட்டை 1.5, 1.6 என்று உயர்த்துங்கள், பேடிங் வேண்டுமென்றால் வெளியே ஒரு டிவ் வைத்து அதற்குக் கொடுங்கள்.

இதிலும் என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். தலைப்புக்குக் கிளாம்ப் வேண்டாம், சுருக்கத்துக்குப் போடலாம். 'வலியுறுத்தல்' வெட்டுப்பட்டுப் போனால் விவசாயிகள் கேட்டார்களா, அரசு தொடங்கிவிட்டதா என்றே தெரியாமல் போய்விடும். வினை கடைசியில் வருகிற மொழியில் கடைசிச் சொல்லை வெட்டுவது செய்தியையே வெட்டுவது மாதிரி.

ஆட்டோவும் ஸ்க்ரோலும்

உரை முழுவதும் படிக்கக் கிடைக்கவேண்டும், ஆனால் இடம் இவ்வளவுதான் என்கிற இடங்கள் இருக்கின்றன. அரட்டைப் பெட்டி, பக்கப்பட்டை, நீண்ட மாவட்டப் பட்டியல், மோடல் (பக்கத்தின் மேல் எழும் சிறு சாளரம்). இங்கே போட்டி ஆட்டோவுக்கும் ஸ்க்ரோலுக்கும். ஸ்க்ரோல் போட்டால் உருட்ட எதுவும் இல்லாதபோதும் பட்டை தெரியும்; விண்டோஸில் வெறும் சாம்பல் நிறப் பட்டையாக அர்த்தமில்லாமல் நிற்கும். மேக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது, ஏனென்றால் டிராக்பேட் பயன்படுத்தினால் அங்கே பட்டை உருட்டும்போது மட்டும் உள்ளடக்கத்தின் மேல் மிதந்து வந்து மறையும். ஆகவே ஒப்பீட்டை விண்டோஸ் இயந்திரத்தில் செய்யுங்கள், அல்லது மேக் அமைப்புகளில் ஸ்க்ரோல்பாரை எப்போதும் காட்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரோலுக்கு ஆதரவாக ஒரே ஒரு நல்ல வாதம் இருந்தது: ஆட்டோவில் பட்டை திடீரென்று வந்தால் 15, 17 பிக்சல் அகலம் போய்விடும், உரை மறுபடி மடங்கும், பக்கம் துள்ளும். நீளமான தமிழ்ச் சொற்கள் நிறைந்த ஒடுங்கிய பட்டையில் அந்த 15 பிக்சலுக்கு ஒரு சொல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, ஒரு வரி கூடி, எல்லாம் இறங்கும். இந்த வாதமும் இப்போது இல்லை. ஸ்க்ரோல்பார்-கட்டர் ஸ்டேபிள் என்று எழுதினால் பட்டைக்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடும், பட்டை தேவைப்படும்போது மட்டும் வரும். சஃபாரி இதை 18.2-இல்தான் சேர்த்தது, அதற்கு முந்தைய சஃபாரியில் கொஞ்சம் துள்ளும், அதோடு சரி. ஆக, ஆட்டோவும் கட்டரும். ஸ்க்ரோல் எழுத எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஆட்டோ எழுதியும் உருளவில்லை என்றால் காரணம் அநேகமாக உயரம். பெட்டிக்கு ஹைட் 100% கொடுத்து, அதன் பெற்றோருக்கு உயரமே சொல்லாமல் விட்டிருப்பீர்கள், எதில் 100%? ப்ரௌசர் அதை ஆட்டோ உயரமாகவே எடுத்துக்கொள்ளும், பெட்டி வளர்ந்துகொண்டே போகும். மேக்ஸ்-ஹைட் கொடுங்கள், சின்ன உள்ளடக்கத்துக்குச் சின்னதாகவும் இருக்கும். ஃப்ளெக்ஸில் இன்னொரு பொறி. மேலே தலைப்பட்டை, மீதி இடம் முழுக்க ஒரு பகுதி, அதற்குள் இன்னொரு டிவ், அதற்குள் அரட்டை என்று அடுக்கியிருந்தால், உள்ளே உள்ள அரட்டைக்கு ஆட்டோ போட்டிருந்தாலும் நடுவில் உள்ள ஃப்ளெக்ஸ் பிள்ளைகள் சுருங்க மறுக்கும். ஃப்ளெக்ஸ் பிள்ளை இயல்பாகத் தன் உள்ளடக்கத்தைவிடச் சின்னதாகாது. அந்த நடுப்பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் மின்-ஹைட் 0 எழுதவேண்டும். ஒன்றுக்கு விட்டுப்போனாலும் சங்கிலி அறுந்துவிடும். அரட்டை முழுத்திரைக்கு என்றால் 100 விஎச்-க்குப் (திரை உயரத்தை வைத்த அலகு) பதில் 100 டிவிஎச் (அந்த நேரத்தில் உண்மையில் தெரியும் உயரத்தை வைத்த அலகு) போடுங்கள், இல்லாவிட்டால் போனில் முகவரிப்பட்டை தெரியும் நேரத்தில் தட்டச்சு செய்கிற பெட்டி திரைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். 2022 முதல் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இது உண்டு.

போன் என்றதும் சொல்லவேண்டியது: பக்கத்துக்குள் இன்னொரு ஸ்க்ரோல் பெட்டி கைப்பேசியில் எரிச்சல் தரும். பக்கத்தை உருட்ட நினைத்து விரல் வைத்தால் உள்பெட்டி உருளும், அது முடிந்ததும் பக்கம் குதிக்கும். மோடல், அரட்டை மாதிரி இடங்களில் ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெய்ன் எழுதினால் உள்ளே முடிந்த உருட்டல் வெளியே கசியாது. மற்ற இடங்களில், விதிமுறைகள், தயாரிப்பு விவரம் போன்றவற்றில், சிறிய திரைக்கு மேக்ஸ்-ஹைட்டை 'நன்' (none, வரம்பு இல்லை) ஆக்கிப் பெட்டியை விரித்துவிடுவதுதான் நல்லது. அல்லது டீட்டெயில்ஸ் உறுப்பில் வைத்து 'முழுவதும் படிக்க' என்று மடக்கிவிடுங்கள். அந்த 'முழுவதும் படிக்க'வை ஹிட்டனும் ஸ்கிரிப்ட்டும் வைத்து நீங்களே கட்டவேண்டாம். மடக்கிய பகுதியில் உள்ள இணைப்புகள் டேப்பில் மாட்டும், பழைய கதைதான்.

மிதக்கும் ஸ்க்ரோல்பார் உள்ள கருவிகளில் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது என்பதே தெரியாது. உயரம் வரிகளுக்குச் சரியாகப் பொருந்தி, கடைசி வரி முழுசாகத் தெரிந்தால் அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் வேண்டுமென்றே ஒரு வரி பாதியில் வெட்டுப்படும்படி உயரம் வையுங்கள். எல்எச் என்ற அலகு வந்தபின் இது சுலபம், மேக்ஸ்-ஹைட் 8.5 எல்எச் என்றால் எட்டரை வரி. அரை வரி தெரிகிறபோது கை தானாக உருட்டும். ஹிட்டனில் குறையாக இருந்த வெட்டு இங்கே சைகையாகிறது.

விசைப்பலகை மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு உருட்டுப் பெட்டிக்குள் நுழைய வழி வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தானே செய்கிறது, குரோமும் 2024-இல் செய்யத் தொடங்கியது, சஃபாரியை நம்பமுடியாது. டேப்இண்டெக்ஸ் 0 (டேப் விசை அங்கே நிற்க), ரீஜன் என்ற ரோல் (திரைவாசிப்பிக்கு இது ஒரு தனிப் பகுதி என்று சொல்ல), ஒரு பெயர் மூன்றையும் கொடுத்துவிட்டால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

கடைசியாக அட்டவணை, இதில் எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டுவார்கள். தேர்வு முடிவோ விலைப்பட்டியலோ, போனில் பக்கவாட்டில் வழிகிறது என்று அட்டவணையைச் சுற்றி ஒரு டிவ் வைத்து ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஆட்டோ போடுவீர்கள். அன்றைக்கே ஸ்டிக்கி தலைப்பு வரிசை வேலையை நிறுத்திவிடும், ஏனென்றால் அதே பழைய விதிப்படி ஓவர்ஃப்ளோ-ஒய்யும் ஆட்டோ ஆகி, தலைப்பு பக்கத்தோடு ஒட்டாமல் அந்த டிவ்வோடு ஒட்டிவிட்டது. கிளிப் இங்கே உதவாது, பக்கவாட்டில் உருட்டத்தானே வேண்டும். இரண்டே வழி: டிவ்வுக்கு மேக்ஸ்-ஹைட் 70 டிவிஎச் மாதிரி ஏதாவது கொடுத்து இரண்டு பக்கமும் அதற்குள்ளேயே உருளவிடுவது, அப்போது தலைப்பு டிவ்வின் மேல்விளிம்பில் ஒட்டும், இல்லாவிட்டால் சிறிய திரையில் ஸ்டிக்கியைக் கைவிடுவது. நூறு வரிசைக்கு மேல் இருந்தால் முதலாவது, இருபது முப்பது என்றால் இரண்டாவது. முதலாவதை எடுத்தால் அட்டவணைக்குள் உள்ள கீழ்விரி மெனுக்கள் டிவ்வின் ஓரத்தில் வெட்டுப்படும், அவற்றைப் பாப்ஓவர் ஆக்கினால் எல்லாவற்றுக்கும் மேலே தனி அடுக்கில் வந்துவிடும். அச்சுக்கான மீடியா விதியில் மேக்ஸ்-ஹைட் நன், ஓவர்ஃப்ளோ விசிபிள் என்று இரண்டு வரி சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பிரின்ட் எடுக்கிறவருக்குத் திரையில் தெரிந்த வரிசைகள் மட்டுமே தாளில் வரும்.